வாத்தியார் பக்கம்: இழுத்த பிரேக் விட மறுத்தால்...



சென்ற மாதம் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய கணவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை பார்க்கிறார். தினமும் பாலம் கடந்து காரில்தான் போய் வருகிறார். சில நாட்களாகக் கார் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல் ஓடுகிறதாம். வீட்டுக்கு வந்து நிறுத்தினால் கருகல் நாற்றம் அடிக்கிறதாம். பட்டறையில் கேட்டதற்கு, "பின் பிரேக் முழுவதையும் மாற்ற வேண்டும், 900 வெள்ளி ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். "மகளின் பள்ளிச் செலவுக்கு எடுத்து வைத்த பணம் அது. கொடுப்பதா, வேண்டாமா? நீங்கள் மாணவர்களுக்குச் சொல்வது போல் எனக்கும் புரியும்படி சொல்லுங்கள், சார்" என்று முடித்திருந்தார்.

இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாகப் பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கணக்கு, நாட்டு நடப்பு என்று எழுதுகிறவன். கார் பழுதைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் மெக்கானிக் அல்ல. ஆனால் இந்தக் கைப்பிரேக் விஷயத்தில் நான் ஒரு பெரிய தவறு செய்தவன். அந்தத் தவறுக்கு நான் கொடுத்திருக்க வேண்டிய விலையை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு படபடக்கிறது. தவறு செய்தவன் சொல்லும் பாடம் மனதில் நிற்கும் என்பதால் எழுதத் துணிந்தேன்.

நடந்தது இதுதான்

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி விடுமுறை. என் பழைய காரை வீட்டுக்கு வெளியே நிறுத்தி, கைப்பிரேக்கை நன்றாக இழுத்து விட்டு, குடும்பத்தோடு பேருந்தில் ஊருக்குப் போய்விட்டேன். மூன்று வாரம். இடையில் ஒரே மழை. திரும்பி வந்து காரை எடுத்தபோது முதலில் நகரவே இல்லை. கொஞ்சம் எண்ணெய் கொடுத்து அழுத்தியதும் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். கார் ஓடத் தொடங்கியது. சரியாகிவிட்டது என்று நினைத்துக் கொண்டேன்.

மறுநாள் மனைவியையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவுக்குத் துணி வாங்கப் புறப்பட்டேன். பினாங்குப் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர் என்று மாணவர்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அது எவ்வளவு நீளம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது! பாதிப் பாலத்தில் கருகல் நாற்றம். கடலுக்கு நடுவே எங்கே நிறுத்துவது? "முன்னால் போகிற லோரியின் புகையாக இருக்கும்" என்று மனைவியிடம் சமாளித்துக்கொண்டே ஓட்டினேன். தீவுக்குள் நுழைந்து முதல் சிவப்பு விளக்கில் கால் பிரேக்கை அழுத்தியபோது அது வழக்கத்தைவிட ஆழமாக உள்ளே போயிற்று. எனக்கு வியர்த்துவிட்டது. ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தால், இடது பின் சக்கரத்திலிருந்து மெல்லிய புகை!

பக்கத்துப் பட்டறையில் காட்டினேன். காரின் அடியில் குனிந்துகூடப் பார்க்காமல் 1,100 வெள்ளி என்றார்கள். அவ்வளவு பணம் என்னிடம் இல்லை. அங்கே நின்றிருந்த ஒரு லோரி ஓட்டுநர் இரக்கப்பட்டு, சூடு ஆறும்வரை காத்திருந்து, சக்கரத்தின் பின்னால் கையை விட்டு எதையோ தட்டித் தள்ளினார். சக்கரம் விடுபட்டது. "சார், இனிமே கைப்பிரேக் இழுக்காதீங்க. மெதுவா ஓட்டிப்போய் சீக்கிரம் நல்ல பட்டறையில காட்டிடுங்க" என்றார்.

அவர் சொன்னது இரண்டு வாக்கியம். நான் முதல் வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன். கைப்பிரேக்கை இழுக்காமலே மூன்று மாதம் ஓட்டினேன். நிறுத்தும் இடமெல்லாம் கியரில் போட்டு நிறுத்துவேன். காசும் மிச்சம், காரும் ஓடுகிறது என்று எனக்குள் ஒரு பெருமை வேறு!

ஒரு மாலை, லயத்து வீடுகளின் பக்கம் ஒரு மாணவனின் வீட்டுக்குப் போனேன். இலேசான சரிவு. கைப்பேசி மணி அடித்தது. பேசிக்கொண்டே இறங்கிவிட்டேன். கியரில் போட மறந்துவிட்டேன். கார் சத்தமில்லாமல் பின்னால் உருண்டது. நான் திரும்பிப் பார்த்தபோது அது கால்வாய் ஓரம் போய் நின்றிருந்தது. அதன் அடியில் ஒரு சிறுவனின் சைக்கிள் வளைந்து கிடந்தது. அந்தச் சிறுவன் தண்ணீர் குடிக்க அப்போதுதான் வீட்டுக்குள் போயிருந்தான்.

அவனுடைய தாயார் ஓடி வந்தார். என்னைத் திட்டுவார் என்று தலை குனிந்து நின்றேன். அவர் சைக்கிளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, "பரவாயில்லை சார்... பையன் அதுல இல்லையே" என்றார். அந்தச் சொல்லைவிடப் பெரிய அடி எனக்கு யாரும் கொடுத்ததில்லை. சைக்கிளைப் புதிதாக வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் எங்கள் தோட்டத்தில் பல ஆண்டுகள் லோரி ஓட்டி, பழுதும் பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரைத் தேடிப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "வாத்தியாரே, காய்ச்சல்னு வந்தா மருந்துக்கடையில இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் வாங்குவீங்களா? இல்ல, மருந்தே வேணாம்னு படுத்துக்குவீங்களா? நீங்க ரெண்டாவதைச் செஞ்சிருக்கீங்க. நோய் எதுன்னு பார்ப்போம், வாங்க."

அவர் எனக்குக் கற்றுக் கொடுத்ததைத்தான், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து, உங்களுக்குச் சொல்கிறேன்.

கைப்பிரேக் எப்படி வேலை செய்கிறது?

உங்கள் பிள்ளையின் சைக்கிளைப் பாருங்கள். கைப்பிடியை அழுத்தினால் சக்கரத்தில் பிரேக் பிடிக்கிறது. இடையில் இருப்பது ஒரு கறுப்புக் குழாய். அதற்குள் ஒரு இரும்புக் கம்பி. உறைக்குள் ஓடும் இந்தக் கம்பிக்கு 1896-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பௌடன் என்பவர் காப்புரிமை பெற்றார். இன்றைக்கும் அதைப் பௌடன் கேபிள் என்றுதான் சொல்கிறார்கள். காரின் கைப்பிரேக்கும் இதே தத்துவம்தான்.

நாம் கைப்பிடியை இழுக்கிறோம். அது 'டிக் டிக்' என்று பல்லில் மாட்டி நிற்கிறது. கேபிள் இழுபடுகிறது. பெரும்பாலான கார்களில் அது இரண்டாகப் பிரிந்து இரண்டு பின் சக்கரங்களுக்கும் போகிறது. சக்கரத்தில் ஒரு டிரம், அதாவது கவிழ்த்து வைத்த சட்டி போன்ற ஒன்று இருக்கிறது. அதற்குள் பிறை நிலா வடிவில் இரண்டு பிரேக் கட்டைகள். கேபிள் ஒரு சிறு நெம்புகோலை இழுக்க, அது கட்டைகளை விரித்து டிரம்மில் அழுத்துகிறது. கார் நிற்கிறது.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். பிரேக்கைப் பிடிக்க வைப்பது நம் கை. ஆனால் விடுவிப்பது நம் கை அல்ல! கைப்பிடியைக் கீழே இறக்கும்போது நாம் எதையும் தள்ளுவதில்லை. இழுத்ததை விட்டுவிடுகிறோம், அவ்வளவுதான். கட்டைகளையும் கேபிளையும் பழைய இடத்துக்குக் கொண்டு வருவது உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகள். அந்த ஸ்பிரிங் தளர்ந்தாலோ, கேபிள் துருப்பிடித்து உறைக்குள் இறுகினாலோ, கைப்பிடி கீழே இருக்கும். பிரேக் மட்டும் பிடித்தபடியே இருக்கும்.

முன்னால் எரியும் சிவப்பு விளக்கை நம்பலாமா என்று கேட்பீர்கள். நம்பக் கூடாது. கைப்பிடி கீழே இறங்கியதைத்தான் அந்த விளக்கு சொல்லும். சக்கரம் விடுபட்டதா என்று அதற்குத் தெரியாது. என் காரிலும் விளக்கு ஒழுங்காக அணைந்துதான் இருந்தது!

நம் ஊரில் ஏன் அதிகம்?

பினாங்கில் நான்கு பக்கமும் உப்புக் காற்று. ஆண்டு முழுவதும் ஈரமும் மழையும். கேபிளின் மேலுறை எங்காவது ஒரு விரல்நுனி அளவு கிழிந்தால் போதும், தண்ணீர் உள்ளே இறங்கிக் கம்பியைத் துருவாக்கிவிடும். வெள்ளம் வந்தாலோ கேட்கவே வேண்டாம். 2017-ஆம் ஆண்டு நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கிலும் செபராங் பிறையிலும் வந்த பெருவெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படித் தண்ணீரில் நின்ற காருக்கு, இயந்திரம் ஓடினாலும், டிரம்முக்குள் சேறு போயிருக்கும். திறந்து துடைக்காமல் விட்டால் சில மாதத்தில் பிரேக் இறுகும்.

இதற்கு மேல் ஒரு காரணம் நம் பழக்கம். அந்தக் காலத்தில் பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் போக வேண்டுமானால் காரோடு பெர்ரியில் ஏறுவோம். 1985-இல் பாலம் திறந்த பிறகும் பலர் பெர்ரியை விடவில்லை. கப்பல் தளத்தில் காரை நிறுத்தியதும் கைப்பிரேக்கை இழுக்காமல் இருக்க முடியுமா? 2021-ஆம் ஆண்டு தொடங்கியதிலிருந்து பெர்ரியில் கார் ஏற்றுவதில்லை. இப்போது பலர் ஆட்டோ கியர் கார் வைத்திருக்கிறார்கள். 'பி'-யில் போட்டால் போதும் என்று கைப்பிரேக்கைத் தொடுவதே இல்லை. ஜார்ஜ் டவுன் சந்துகளில் இன்னொரு காரை மறித்து நிறுத்துகிறவர்கள், மற்றவர்கள் தள்ளிக்கொள்ளட்டும் என்று பிரேக்கை விட்டே வைக்கிறார்கள்.

அசையாத கேபிள்தான் சீக்கிரம் இறுகும். மூன்று மாதம் இழுக்காமல் வைத்திருந்து நானே என் காரின் நோயை முற்ற வைத்தேன். இறுகுகிறது என்று பயந்து இழுக்காமல் விடுகிறோம். இழுக்காமல் விடுவதால் மேலும் இறுகுகிறது. இந்தச் சுற்றில் சிக்கியவர் தாமாக வெளியே வர முடியாது.

நீங்களே செய்யக்கூடிய சோதனைகள்

முதலில், எது நோய் அல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள். கார் கழுவியோ மழையில் நனைந்தோ ஓரிரு நாள் நின்ற பிறகு, எடுக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வந்து விடுபட்டு, அதன்பின் கார் இலகுவாக ஓடினால் பயப்பட வேண்டாம். கட்டைக்கும் டிரம்முக்கும் இடையே மேலோட்டமான துரு ஒட்டியிருக்கும். ஓடும்போது தேய்ந்துவிடும். சத்தத்துக்குப் பிறகும் கார் கனமாக ஓடினால்தான் கவலைப்பட வேண்டும்.

முதல் சோதனை: மட்டமான வெறும் இடத்தில், ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் கால் பிரேக்குக்குத் தயாராக உட்காரட்டும். கியரை விடுவித்து, கைப்பிரேக்கை இறக்கி, இருவர் காரைத் தள்ளிப் பாருங்கள். சிறிய கார் சுலபமாக உருள வேண்டும். உருண்டு உடனே நின்றால் எங்கோ பிடிக்கிறது.

இரண்டாவது சோதனை: ஐந்தாறு கிலோமீட்டர், முடிந்தவரை குறைவாகப் பிரேக் பிடித்து, நிதானமாக ஓட்டுங்கள். நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டு போங்கள். தொடாதீர்கள், சுட்டுவிடும்! எந்தச் சக்கரம் மற்றவற்றைவிட அதிகமாகச் சுடுகிறது என்று பாருங்கள். முன் சக்கரம் ஒன்று மட்டும் சுட்டால் பெரும்பாலும் கைப்பிரேக் குற்றவாளி அல்ல. கால் பிரேக்கில் கோளாறு. பின் சக்கரம் என்றால் மேலே போகலாம்.

மூன்றாவது சோதனை: கைப்பிடியை மெதுவாக இழுத்து 'டிக்' சத்தத்தை எண்ணுங்கள். எத்தனை இருக்க வேண்டும் என்பது காரோடு வந்த புத்தகத்தில் இருக்கும். இரண்டு மூன்றிலேயே கல்லாக இறுகினால் கேபிளை அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள். கட்டை தேய்ந்ததை மறைக்கச் சிலர் கேபிளை முறுக்கி அனுப்பிவிடுவதுண்டு. முதலில் டிரம்முக்குள் கட்டைகளைச் சரிசெய்து, பிறகுதான் கேபிளைத் தொட வேண்டும். இறக்கிய பின் கைப்பிடி தொளதொள என்று ஆடினால், கேபிள் திரும்பி வரவில்லை என்று சந்தேகப்படலாம்.

பட்டறையில் பார்க்க வேண்டியவை

இனி வருபவற்றுக்குக் காரைத் தூக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் பட்டறையில் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். கைப்பிரேக்கை விட்டுவிட்டுத் தூக்குவதால், முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைக்காமல் தூக்கக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் தலையை விடவே கூடாது. கீழே உறுதியான ஸ்டாண்டு வேண்டும். இதை ஒன்றுக்கு இரண்டு முறை படித்துக்கொள்ளுங்கள்.

பின் சக்கரங்களைத் தூக்கி, கையால் சுழற்ற வேண்டும். இலேசான உரசல் சத்தம் இருக்கலாம், அது பரவாயில்லை. இரண்டு சக்கரமும் பிடித்தால் கோளாறு பொதுவான இடத்தில் இருக்கிறது: கைப்பிடியில், முன் கேபிளில், அல்லது அதிகமாக முறுக்கியதில். ஒரு சக்கரம் மட்டும் பிடித்தால் அந்தப் பக்கக் கேபிளையோ, அந்தச் சக்கரத்தின் உள்ளேயோதான் பார்க்க வேண்டும்.

அடுத்து, ஒருவர் கைப்பிடியை இழுத்து விட, மற்றொருவர் சக்கரத்தின் பின்னால் கேபிளைக் கவனிக்க வேண்டும். விட்டதும் கேபிள் திரும்பி வருகிறதா? வராவிட்டால் கேபிள் இறுகியிருக்கிறது என்று எண்ணலாம். உறுதி செய்ய, முறுக்கு நட்டைத் தளர்த்திக் கேபிளின் முனையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கழற்றியதும் சக்கரம் தாராளமாகச் சுழன்றால் நோய் கேபிளில்தான். கழற்றிய பிறகும் பிடித்தால் கேபிள் குற்றமற்றது. டிரம்மைத் திறக்க வேண்டும். உள்ளே நெம்புகோல் துருப்பிடித்திருக்கலாம், ஸ்பிரிங் அறுந்திருக்கலாம், கட்டை உடைந்து சிக்கியிருக்கலாம்.

இன்னும் ஒரு சோதனை. சக்கரம் சும்மா சுழல்கிறது. கால் பிரேக்கை ஒருமுறை அழுத்தி விட்டதும் பிடித்துக்கொள்கிறது என்றால், கைப்பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக் எண்ணெய் போகும் வழியில் அடைப்போ, சக்கரத்துப் பம்ப் இறுகியதோ காரணம். அது வேறு வைத்தியம்.

பாருங்கள் வாசகர்களே, 'பின் பிரேக் முழுவதும்' என்று ஒரே வார்த்தையில் சொன்னார்களே, அதற்குள் எத்தனை தனித்தனி நோய்கள்! என் காரில் இந்த வரிசைப்படி பார்த்தோம். ஒரு பக்கம்தான் பிடித்தது. கேபிளைக் கழற்றியதும் சக்கரம் காற்றாடி போல் சுழன்றது. இடது பக்கக் கேபிளின் உறை கிழிந்து, உள்ளே கம்பி செம்மண் நிறத்தில் இருந்தது. வெப்பத்தில் கெட்டுப்போன பிரேக் கட்டைகளையும் மாற்றினோம். கட்டையைப் பின் சக்கரம் இரண்டுக்கும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். பிரேக் எண்ணெயையும் புதிதாக ஊற்றினோம். கூலியோடு 1,100 வெள்ளியில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. மூன்று மாதத்துக்கு முன்பே பார்த்திருந்தால் கேபிளோடு முடிந்திருக்கும் என்றார் பெரியவர்.

செய்யக் கூடாதவை

இறுகிய கேபிளுக்கு எண்ணெய் ஊற்றி ஓட்டப் பார்க்காதீர்கள். நாலு நாள் ஓடும், மறுபடி இறுகும். எண்ணெய் வழிந்து பிரேக் கட்டையில் பட்டால் பிரேக்கே பிடிக்காது. துருப்பிடித்த கேபிளை மாற்றுவதுதான் வழி.

சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். திடீரென்று குளிர்ந்தால் டிரம் விரிசல் விடலாம். தானாக ஆறட்டும். காய்ந்த புல்லின் மேலும் நிறுத்தாதீர்கள்.

டிரம்மைத் திறந்ததும் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள்; காற்றுக் குழாயாலும் அடிக்க விடாதீர்கள். பழைய பிரேக் கட்டைகளில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

பிடிக்கும் பிரேக்கோடு "எப்படியாவது வீடு சேர்ந்துவிடலாம்" என்று ஓட்டாதீர்கள். அன்றைக்கு என் கால் பிரேக் ஏன் ஆழமாக உள்ளே போனது தெரியுமா? சக்கரத்தின் சூட்டில் பிரேக் எண்ணெயே கொதித்துவிட்டால் குழாயில் ஆவி நிறையும். ஆவி அழுந்திக் கொடுக்கும், பிரேக்கைத் தள்ளாது. ஈரம் ஏறிய பழைய எண்ணெய் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். எனக்கு அது சிவப்பு விளக்கில் நடந்தது. பாலிக் புலாவ் மலைச் சாலையில் இறங்கும்போது நடந்திருந்தால்? ஆகவே பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். ஆறிய பிறகு கைப்பிடியைப் பலமுறை இழுத்து இழுத்து விட்டு, காரை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். விடுபட்டால் மெதுவாகப் பட்டறைக்கு. விடாவிட்டால் காரை முழுவதுமாகத் தூக்கி ஏற்றும் வண்டியை அழையுங்கள்.

லோரி ஓட்டும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. காற்றுப் பிரேக் உள்ள பெரிய லோரியில் கதை தலைகீழ். அங்கே நிறுத்தும் பிரேக்கைப் பிடிக்க வைப்பது பெரிய ஸ்பிரிங், விடுவிப்பதுதான் காற்று. காற்று கசிந்தால் பிரேக் தானாகவே பிடிக்கும். அது உங்கள் உயிரைக் காக்கும் ஏற்பாடு. கசிவைத் தேடுங்கள்; ஸ்பிரிங் இருக்கும் உருளையை மட்டும் நீங்களாகப் பிரிக்க வேண்டாம். உள்ளே அடைபட்டிருக்கும் ஸ்பிரிங் பாய்ந்தால் ஆளைக் கொன்றுவிடும்.

புதிய கார்களில் கைப்பிடிக்குப் பதிலாகப் பொத்தான் இருக்கிறது. அங்கே சிறு மோட்டார் அந்த வேலையைச் செய்கிறது. அதற்குத் தனிக் கருவி வேண்டும். வீட்டில் கை வைக்காதீர்கள்.

இனி வராமல் இருக்க

தினமும் நிறுத்தும்போதெல்லாம் கைப்பிரேக்கை இழுங்கள். ஆட்டோ கியர் காராக இருந்தால், கால் பிரேக்கை அழுத்தியபடி முதலில் கைப்பிரேக், பிறகு 'பி'. சரிவில் நிறுத்தினால் கைப்பிரேக்கோடு கியரும் வேண்டும். கார் உருண்டாலும் ஓரக்கல்லில் மோதி நிற்கும்படி முன் சக்கரத்தைத் திருப்பியும் வையுங்கள். கார் கழுவிய பிறகு உடனே நிறுத்தி வைக்காமல் ஒரு சுற்று ஓட்டிப் பிரேக்கை உலர்த்துங்கள். வாரக்கணக்கில் ஊருக்குப் போவதானால் மட்டும், மட்டமான இடத்தில், கியரில் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்து, கைப்பிரேக்கை விட்டுவிட்டுப் போகலாம்.

பட்டர்வொர்த் சகோதரிக்கு

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன், அம்மா. 900 வெள்ளி கொடுப்பதா வேண்டாமா என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. உங்கள் கணவர் ஓய்வாக இருக்கும் நாளில் மேலே சொன்ன மூன்று சோதனைகளையும் செய்யச் சொல்லுங்கள். எந்தச் சக்கரம் சுடுகிறது, எத்தனை 'டிக்', எப்போது பிடிக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு பட்டறைக்குப் போய், "கேபிளைக் கழற்றிப் பார்த்தீர்களா? கழற்றினால் சக்கரம் சுழல்கிறதா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. நேர்மையான பட்டறைக்காரர் மகிழ்ச்சியாகக் காட்டுவார். காட்ட மறுத்தால் வேறு பட்டறை பாருங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக் கண்ணால் பாருங்கள்.

பார்த்த பிறகு 900 வெள்ளிதான் ஆகும் என்று தெரிந்தால், தயவு செய்து கொடுத்துவிடுங்கள். குறைவாக முடிந்தால் மீதியை மகளின் பெயரில் போட்டு வையுங்கள். ஆனால் என்னைப் போல் மூன்றாவது வழியில் மட்டும் போகாதீர்கள். பழுதைத் தொடாமல் பழுதோடு வாழப் பழகுவதுதான் அந்த வழி. அதுவரை, இரவு வேலைக்கு அவர் நண்பரோடோ தொழிற்சாலைப் பேருந்திலோ போய் வரட்டும். பாலத்துக்கு நடுவே நிறுத்த இடம் கிடையாது, அம்மா.

அந்தச் சிறுவன் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான். நான் வாங்கிக் கொடுத்த சைக்கிள் அவனுக்குச் சின்னதாகிவிட்டது, தம்பி ஓட்டுகிறான். அவர்கள் வீட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் நான் கைப்பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, இறங்கி, இரண்டடி நடந்து, மறுபடியும் திரும்பிப் போய்க் கைப்பிடியைத் தொட்டுப் பார்க்கிறேன். அவன் சிரிக்கிறான். "சார், இழுத்தாச்சு சார்!" என்கிறான்.

சிரிக்கட்டும். சிரிக்க அவன் இருக்கிறானே!

அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.